வழியில் நின்ற வண்டியும் ஜி.டி. நாயுடுவும்

(தானியங்கிப் பொறியியல், மூன்றாம் ஆண்டு)

மலர்க்குழு நண்பர்கள் வந்து கட்டுரை கேட்டபோது, எனக்கும் எழுத்துக்கும் ரொம்ப தூரம் என்று சொல்லி நழுவப் பார்த்தேன். விடவில்லை. சாதனையாளர் ஒருவரின் வாழ்க்கையை எழுது, ஆறு பக்கத்துக்கு மேல் போகாதே என்று உத்தரவு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எடிசனை சிவில் பிரிவு நண்பர் எடுத்துக்கொண்டார். கலாம் ஐயாவை மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள்! எனக்கு யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. போன வருஷம் ஒரு கார் டீலரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் படித்து முடித்தது ஒரே ஒருவரின் வாழ்க்கையைத்தான். அவர் கோவை ஜி.டி. நாயுடு.

அந்த அறைக்கு நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் தாமல். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜா போகிற நெடுஞ்சாலையில், பாலுசெட்டி சத்திரம் தாண்டி வரும். பெரிய ஏரி உள்ள ஊர். அப்பா பட்டு நெசவாளி. தறியில் வரும்படி வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே போனதால், இருந்த இரண்டு தறியில் ஒன்றை விற்று, அம்மாவின் நகையை அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கி, ஒரு பழைய பெட்ரோல் காரை எடுத்தார். வாடகைக்கு ஓட்டத்தான். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்கள், கோயில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் என்று சவாரி கிடைக்கும். வெளியில் வாங்கினால் விலை குறைவுதான். ஆனாலும் டீலரிடமே வாங்கினால் வாரண்டி உண்டு, பிரச்னை வந்தால் கேட்க ஆள் உண்டு என்று நம்பி அங்கேயே வாங்கினார்.

வைகாசி வெயிலில், ஓச்சேரிக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. பின் சீட்டில் பெண் வீட்டார், மடியில் முகூர்த்தப் புடவைப் பெட்டிகள். செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. வந்தவர்கள் வெயிலில் நின்று நின்று பொறுக்க முடியாமல் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் அப்பா சும்மா சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது! வாடகைப் பணம் போனதைவிட, கல்யாண வீட்டார் சகுனம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனதுதான் அப்பாவுக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

டீலரிடம் போனோம். பிளக்கும் ஃபில்டரும் மாற்றினார்கள். பத்து நாள் ஓடியது. மறுபடியும் நின்றது. இரண்டாவது தடவை ஃபியூவல் பம்ப்பை மாற்றினார்கள். அது வாரண்டியில் வராதாம். பில்லைப் பார்த்து அப்பா பேசவே இல்லை. மூன்றாவது தடவை நாலு நாள் வண்டியை வைத்துக்கொண்டு, கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள் போடுகிற பெட்ரோல் சரியில்லை என்று ஒரு உபதேசமும் கிடைத்தது. கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன். உங்கள் டீலர் உங்களைத் தொடர்பு கொள்வார் என்று பதில் வந்தது. எந்த டீலர்? அதே டீலர்தான்!

இத்தனை தடவையும் அந்த ஏ.சி. அறையில் கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கஸ்டமர் உள்ளே வரக் கூடாது என்று போர்டு. கையில் நம் கல்லூரி நூலகத்தில் எடுத்த நாயுடுவின் வாழ்க்கை வரலாறு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எங்கள் கார் பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது. இந்தப்பக்கம் புத்தகத்தில் ஒரு கிராமத்துப் பையன் மோட்டார் சைக்கிளை நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு வயிறு எரிந்தது.

ஜி.டி. நாயுடு, அதாவது கோபால்சாமி துரைசாமி நாயுடு, 1893 மார்ச் 23 அன்று கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார். படிக்காமலே மேதை ஆனார் என்று மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மேலே படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அவர் வாழ்நாள் பூரா படித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் முதன்முதலில் மோட்டார் சைக்கிளைப் பார்த்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் ஊர்ப்பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம். அவர் மண்ணெண்ணெயும் துணியும் கேட்டு வாங்கி, எதையோ கழற்றித் துடைத்து மாட்டிக் கிளப்பிக்கொண்டு போனாராம். பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தானாம். கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான். ஓடுகிற வண்டி அவரை இழுக்கவில்லை, நின்ற வண்டிதான் இழுத்தது.

அந்த வண்டி இங்கிலாந்தின் ரட்ஜ் கம்பெனியுடையது, 1912 மாடல். நம்மில் ஆட்டோமொபைல் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் காலத்து ரட்ஜ் ஏறத்தாழ 500 சி.சி. கொண்ட ஒற்றை சிலிண்டர் வண்டி, பின் சக்கரத்துக்கு செயின் கிடையாது, பெல்ட். அதை வாங்கியே தீருவது என்று பையன் முடிவு கட்டிவிட்டான். கையில் காசு கிடையாது. கோயம்புத்தூருக்கு வந்து ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருஷம் இலை போட்டுப் பரிமாறிச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய், அந்த அதிகாரியிடமே 300 ரூபாய்க்கு வண்டியை வாங்கினார். வாங்கிய கையோடு என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? நாமாக இருந்தால் ஊரைச் சுற்றி ரெண்டு ரவுண்டு அடித்திருப்போம். அவர் மொத்த வண்டியையும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிவிட்டார். பிறகு மறுபடி பூட்டினார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, சர்வீஸ் மேனுவல் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க இன்ஸ்ட்ரக்டர் இல்லை. எங்கள் ஒர்க் ஷாப்பில் ஒரு கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டி முடிந்ததும் ஒரு ஸ்பிரிங் மிச்சம் கிடந்த கதை எங்கள் செட்டுக்குத் தெரியும். யார் செய்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

அப்புறம் மெக்கானிக் வேலை. நடுவில் திருப்பூரில் பஞ்சு வியாபாரம் செய்து சம்பாதித்து, பம்பாய்ப் பஞ்சுச் சந்தையில் அதைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார். கோவையில் பெரிய தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் இவர்மேல் நம்பிக்கை வைத்து உதவி செய்தார். 1920-ல் ஒரு பஸ் வாங்கப்பட்டது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அதை ஓட்டியவர் வேறு யாருமில்லை, நாயுடுவேதான்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். 1920-ல் பஸ் வைத்திருப்பது என்றால் என்ன அர்த்தம்? இந்தியாவில் அப்போது மோட்டார் வண்டித் தொழிற்சாலையே கிடையாது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வந்தது 1942-ல், பம்பாய் பிரீமியர் 1944-ல். அதற்கு முன்னால் இன்ஜினும் சேஸிஸும் கப்பலில்தான் வரவேண்டும். உடைந்த பாகத்துக்கு ஆர்டர் போட்டால் அதுவும் கப்பலில்தான் வரவேண்டும். அதுவரை வண்டி ஷெட்டில் நிற்கும், கடன் மட்டும் ஓடும். ரோடு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். பழனிக்குப் பாதி வழியில் இன்ஜின் நின்றால் பயணிகள், டிரைவர், மெக்கானிக், முதலாளி எல்லாரும் ஒரே புளியமரத்தடியில் நிற்கவேண்டியதுதான். நாயுடு விஷயத்தில் அந்தக் கடைசி மூன்று பேரும் ஒரே ஆள்! கோளாறை வேறு யாரிடமும் தள்ளிவிட முடியாது. பெட்ரோல் சரியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வார்?

அந்த ஒரு பஸ்தான் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. சுருக்கமாக யு.எம்.எஸ். சில வருஷங்களிலேயே நாட்டின் சிறந்த பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் எடுத்தது. நேரம் தவறாமை அதன் அடையாளம். வண்டிகள் வழியில் நிற்காமல் இருந்தால்தானே நேரம் தவறாது? அதற்காகச் சொந்தப் பட்டறை, சொந்த ஆட்கள், வெளியே போய் யார் தயவுக்கும் நிற்காத ஏற்பாடு. இன்ஜினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி, டிக்கெட் கொடுக்கும் இயந்திரம் என்று அவர் கண்டுபிடிப்புகளைப் பட்டியல் போடுகிறவர்கள் பலவற்றைச் சேர்க்கிறார்கள். அந்த அதிர்வுக் கருவி பற்றிப் படித்தபோது எனக்குப் பொறி தட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினிடம் போய்க் காது கொடுத்துக் கேட்கிற வேலை அது. எங்கள் கார் நாலு நாளாக நிழலில் ஆறிப்போய் நிற்கிறது, காலையில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்துவிட்டு ஓ.கே. போடுகிறார்கள். ஓட்டிப் பார்க்கவே இல்லையே!

நாலாவது தடவை டீலரிடம் போகவில்லை. பாலுசெட்டி சத்திரத்தில் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போனோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. எவ்வளவு நேரம் ஓடினால் நிற்கிறது என்று மட்டும் கேட்டார். முக்கால் மணி நேரம் என்றார் அப்பா. சரி, நிற்கிறவரைக்கும் ஓட்டுவோம் என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். காவேரிப்பாக்கம் தாண்டி வண்டி நின்றது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பார்க்கச் சொன்னார். முள் அசையவில்லை. இறங்கி ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பொறி வரவில்லை. பிறகு, நம்பினால் நம்புங்கள், குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து இன்ஜினின் அடிப்பக்கத்தில் ஒரு இடத்தில் மெல்ல ஊற்றினார். அப்பா சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்!

கிராங்க் ஷாஃப்ட் சென்சார். நாம் செமஸ்டரில் இரண்டு மார்க் கேள்வியாகப் படிப்போமே, அதுதான். கிராங்க் ஷாஃப்ட் சுற்றும்போது பல்சக்கரத்தின் பற்களை எண்ணி, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இ.சி.யு.வுக்குச் சொல்வது அது. அது பேசாவிட்டால் பொறியும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. எங்கள் வண்டியில் உள்ளே இருந்த சுருள் கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சூடானால் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஆறின வண்டியைத் தினம் சோதித்தால் வருஷம் பூரா சோதித்தாலும் கோளாறு இல்லை என்றுதான் வரும். அவர்கள் எழுதிக் கொடுத்தது பொய் இல்லை, பாருங்கள்! அண்ணன் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் புது சென்சார் போட்டார். மாற்றிய பம்ப்புக்கு நாங்கள் கட்டிய பணம் கட்டியதுதான்.

நாயுடுவிடம் திரும்புவோம். பஸ்ஸோடு அவர் நின்றுவிடவில்லை. 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். உலர் பேட்டரியில் சின்ன மோட்டார் வைத்து ஓடும் ரேசன்ட் என்ற சவரக் கருவியை உருவாக்கினார். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து கோவையில் மின்மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் அது என்கிறார்கள். இன்றைக்கு ஏரிப் பாசனமில்லாத எங்கள் பக்கத்து மேட்டு நிலத்தில் தண்ணீர் இறைக்கிற பம்ப்செட்டின் பெயர்ப் பலகையைப் பாருங்கள், பாதிக்குமேல் கோயம்புத்தூர் என்றுதான் போட்டிருக்கும். அதன் வேர் அங்கே இருக்கிறது. ரேடியோ, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பருத்தி, பப்பாளி என்று அவர் கை வைக்காத துறை இல்லை. எல்லாவற்றையும் எழுதினால் மலர்க்குழு என்னைத் துரத்தும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1952-ல் இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன பெட்ரோல் கார் செய்தார். விலை 2,000 ரூபாய். அரசு உரிமம் கொடுக்கவில்லை. கார் அத்தோடு முடிந்தது. அடுத்த ஓரிரு வருஷத்தில், இங்கே முழுதாகத் தயாரிக்கும் திட்டம் இல்லாத வெளிநாட்டுக் கம்பெனிகள் விலகவேண்டும் என்ற கொள்கை வந்து, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954-ல் கடையைக் கட்டின. மிச்சம் இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். 1983-ல் மாருதி வருகிறவரை, பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காருக்குக் காத்திருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாங்குகிறவன் வரிசையில் நிற்கும்போது விற்கிறவன் எதற்காக முகம் கொடுத்துப் பேசவேண்டும்? இன்றைக்கு வரிசை போய்விட்டது, கம்பெனிகள் ஏகப்பட்டது வந்துவிட்டன. அந்தப் பழைய முகம் மட்டும் சில கவுண்டர்களில் அப்படியே இருக்கிறது என்பது என் அனுபவம்.

வரிவிதிப்பின் மேலும் அரசின் அலட்சியத்தின் மேலும் இருந்த கோபத்தில், தான் உண்டாக்கிய பொருள்களையே பொது இடத்தில் உடைத்துக் காட்டினார் நாயுடு. இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை. மூன்று வருஷம் பரிமாறிச் சேர்த்துத் தன் முதல் இயந்திரத்தை வாங்கிய மனிதர் கையில் சம்மட்டியா? அவர் கோபம் நியாயம்தான். இருந்தாலும் அந்த ரேடியோக்களை ஏதாவது ஒரு பாலிடெக்னிக் லேபுக்குக் கொடுத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பாலிடெக்னிக் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் இனத்துக்கே அவர் உறவுக்காரர்! 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், அதே பெயரில் பொறியியல் கல்லூரியும் அவர் கொடையாலும் முயற்சியாலும் தொடங்கின. அப்போதைய சென்னை மாகாண கவர்னரின் பெயர் அது. அவைதான் பிற்பாடு கோவை அரசு பாலிடெக்னிக், அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று ஆயின. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் என்று ஊர் சொன்ன மனிதர் அந்தக் கல்லூரியின் முதல்வராகவும் உட்கார்ந்தார். அங்கேயும் தகராறு! நாலு வருஷப் பொறியியல் படிப்பு கால விரயம், இரண்டு வருஷமே தாராளம் என்பது அவர் கட்சி. பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொள்ளவில்லை, இவர் ராஜினாமா செய்துவிட்டார். நம் மூன்று வருஷ டிப்ளமோவைப் பற்றி என்ன சொல்லியிருப்பாரோ! (இந்தப் பத்தியை எங்கள் ஹெச்.ஓ.டி. படிக்காமல் இருந்தால் நல்லது.)

1974 ஜனவரி 4 அன்று, 80 வயதில் அவர் காலமானார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் கண்காட்சி இருக்கிறது. அதே சாலையில் அவர் குடும்பத்தார் சேர்த்த பழைய கார்களின் அருங்காட்சியகம் 2015-ல் திறக்கப்பட்டது. 2025 அக்டோபரில் திறந்த 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

அருங்காட்சியகத்தைப் பார்க்க அப்பாவும் நானும் போனோம். எங்கள் காரிலேயேதான். தாமலிலிருந்து கிருஷ்ணகிரி, சேலம் வழியாக 400 கிலோமீட்டருக்கு மேல். தொப்பூர்க் கணவாய் வரும்போது இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அப்பாவின் கண் ரோட்டில், என் கண் ஆர்.பி.எம். முள்ளில். நிற்கவில்லை. உள்ளே போனதும் அப்பா ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் வண்டு காரின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். இன்ஜின் பின்னால் இருக்கும் என்று விளக்கினேன். நின்றுபோனால் எந்தப்பக்கம் போய்ப் பார்க்கவேண்டும் என்பதை முதலில் சொல்லு என்றார்.

போன மாதம் நம் கல்லூரிக்கு கேம்பஸ் இன்டர்வியூ வந்தது ஒரு டீலர்தான். எங்களுக்கு வாய்த்தவர் இல்லை, வேறு ஊர்க்காரர். சர்வீஸ் கவுண்டரில் ஆள் வேண்டும், ஏ.சி., யூனிபாரம், டை எல்லாம் உண்டு. அப்பாவின் கடனில் இன்னும் இரண்டு வருஷத் தவணை பாக்கி இருப்பதால் நானும் பேர் கொடுத்தேன். ஒரு கஸ்டமர் ஒரே புகாரோடு நாலாவது தடவை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். வந்தவரோடு அவர் வண்டியில் ஏறி, அது நிற்கிறவரைக்கும் போய்வருவேன் என்றேன். கேட்டவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். அப்புறம் வேறு கேள்விக்குப் போய்விட்டார்கள்.

இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை. பழைய சென்சார் என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒர்க் ஷாப் பக்கம் வந்தால் காட்டுகிறேன்.